தளக்கற்களுக்கு இடையே பசுந்தரை

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

கல்லிடுக்கில் புல் முளைத்தால் அதைப் பிடுங்கி எறிவதே நம் நாட்டு வழக்கம். கோயில் திருச்சுற்றுகளில் முளைக்கும் புல்லையும் பூண்டையும் செதுக்கி அகற்றும் உழவாரப் பணியைத் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் திருநாவுக்கரசர். இன்றும் விடுமுறை நாட்களில் அன்பர்கள் பலர் குழுவாகச் சென்று அப்பணியைச் செய்து வருகின்றனர். புல் மூடிய முற்றம் ஆளற்ற முற்றம் என்பது மக்களின் உள்ளத்தில் ஊறிய எண்ணம். ஆகவே, தரையில் கற்களைப் பாவி அவற்றின் இடுக்குகளில் நாமே செடி வளர்க்க வேண்டும் என்று ஓர் அலுவலர் கூறினால், ஊராட்சி உறுப்பினர்களுக்கு அது விந்தையாகத் தோன்றுவது இயல்பே.

ஆயினும், தானாக முளைப்பது வேறு. நாம் தேர்ந்து வளர்ப்பது வேறு. கவனிப்பாரற்ற இடுக்கில் நெருஞ்சி முளைத்துக் குழந்தைகளின் காலைக் குத்தும். பார்த்தீனியம் முளைத்துத் தோலில் அரிப்பை உண்டாக்கும். பறவைகள் இட்ட விதையிலிருந்து ஆலும் அரசும் கிளம்பிக் கல்லையே பெயர்க்கும். நாம் தேர்ந்து வளர்க்கும் செடியோ தரையோடு படர்ந்து, மண்ணைப் பிடித்து நிறுத்தி, மழைநீரை நிலத்துக்குள் இறங்கவிட்டு, வெறுங்காலுக்குக் குளிர்ச்சியும் தரும். இத்தகைய பசுந்தரையை ஓர் ஊராட்சி எங்கே அமைக்கலாம், எவ்வாறு அமைக்கலாம், எங்கே அமைக்கலாகாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் அவசியம் யாது?

அண்மைக் காலத்தில் நம் கிராமங்களில் பள்ளி முற்றம், அங்கன்வாடி வாசல், ஊராட்சி அலுவலக முன்றில் ஆகிய பொது இடங்கள் சிமிண்டுத் தளம் பெற்று வருகின்றன. சேறும் புழுதியும் நீங்கியது பெரிய நன்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தளத்தின் மீது விழும் மழைநீர் எங்கே போகிறது என்பதை மதிப்பீடு தயாரிக்கும் வேளையில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள பள்ளி முற்றத்தின் பரப்பு 600 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்வது நமக்குப் புதிதன்று. அன்று அந்த முற்றத்தில் மட்டும் விழும் நீர் 30,000 லிட்டர். தளம் முழுவதும் சிமிண்டாக இருந்தால் இதில் பெரும்பகுதி உடனே வழிந்தோடும். அது ஓடிச் சேரும் இடம் பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த தெருவாகவே இருக்கும்.

நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டில் கட்டடங்கள் யாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் விழும் நீரைக் குழாய் வழியே குழிக்குள் இறக்கிவிட்டு, முற்றத்தில் விழும் நீரைத் தெருவில் ஓடவிடுவது பாதி வேலையே ஆகும்.

சிமிண்டுத் தளத்துக்குப் பதிலாக, ஒன்றரை அடிச் சதுரக் கற்களை இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் பாவுவதாகக் கொள்வோம். அப்போது மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 81 பங்கு கல்லாகவும், 19 பங்கு மண்ணாகவும் அமையும். மேற்கூறிய முற்றத்தில் இது 114 சதுர மீட்டர் உயிருள்ள மண். கல்லின் மேல் விழும் நீர் சில அங்குலம் ஓடினாலே ஓர் இடுக்கை அடைந்துவிடும். அங்கே வேர் இருந்தால் நீர் வேர் வழியே மண்ணுக்குள் இறங்கும். மண்ணும் அரித்துப் போகாது. வேர் இல்லாத வெற்று இடுக்கோ முதல் பெருமழையிலேயே மண்ணை இழந்து வாய்க்காலாகிவிடும். செடி அழகுக்காக மட்டும் வைக்கப்படுவதன்று. அதுவே தளத்தைக் காக்கும் உறுப்பு என்பதை இதனால் அறியலாம்.

நான் கண்ட தோல்வி

இச்செய்திகளை நான் கற்றது புத்தகத்தினால் அன்று. தவறு செய்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு பள்ளி முற்றத்தின் பாதிக்குச் சிமிண்டுத் தளம் இடப்பட்டது. மதிப்பீட்டில் கையொப்பமிட்டவன் நானே. அவ்வாண்டு ஐப்பசி மழையில் முற்றத்து நீர் முழுவதும் பள்ளிக்குக் கீழ்ப்புறத் தெருவினுள் புகுந்தது. அடுத்துக் கூடிய கிராம சபையில் அத்தெருவைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, “பள்ளிக்கூடத்துத் தண்ணீர் என் அடுப்புக்குள் நிற்கிறது ஐயா! பிள்ளைகள் காலில் சேறு படக் கூடாது என்று எங்கள் வீட்டைச் சேறாக்கிவிட்டீர்களே!” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

எஞ்சிய பாதி முற்றத்தில் இடைவெளி விட்டுக் கல் பாவிப் புல் வளர்ப்பது என்று ஊராட்சி தீர்மானித்தது. நிதியாண்டு முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மார்ச்சு மாதத்தில் கற்களைப் பாவி, நாற்றங்காலில் விலைக்கு வாங்கிய அழகுப் புல்லை இடுக்குகளில் பதித்தோம். கணக்கு மார்ச்சு 31இல் ஒழுங்காக முடிந்தது. புல்லும் மே மாதத்தில் முடிந்துபோயிற்று. நிதியாண்டின் கணக்கைச் செடி அறியாது என்பதை அன்று உணர்ந்தேன்.

காய்ந்த தரையை நான் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது அதே அம்மையார் அவ்வழியே வந்தார். விவசாயக் கூலி வேலை செய்பவர். “விலை கொடுத்து வாங்கி வருவானேன் ஐயா? வரப்பைப் பாருங்கள். நாற்றுக்கட்டோடு நாங்கள் எத்தனை நடை நடக்கிறோம்! அங்கே இருக்கிற கொடி செத்துப்போகிறதா?” என்று கேட்டார். அவரையே அழைத்துக்கொண்டு வயலுக்குச் சென்றேன். அவர் காட்டிய கொடி பொடுதலை.

பிறகு இரண்டொரு கற்களைப் பெயர்த்துப் பார்த்தோம். கல்லின் அடியில் இரண்டு அங்குலக் கனத்துக்குச் சிமிண்டுக் கலவை இறுகிக் கிடந்தது. தளம் அசையாதிருக்கும் பொருட்டுக் கொத்தனார் நல்லெண்ணத்துடன் செய்த வேலை அது. இடுக்கில் நட்ட புல்லின் வேருக்குக் கிடைத்ததோ மூன்று அங்குல மண்ணே. அதன் கீழே பாறை போன்ற கலவை. நாற்புறமும் வெயிலில் காயும் கல். இத்தகைய தொட்டியில் எந்தச் செடிதான் கோடையைத் தாண்டும்? நீர் இறங்குவதற்கும் அங்கே வழி இல்லை. வேலையின் நோக்கமே கெட்டிருந்தது.

கற்களை எடுத்து, கலவையை உடைத்து அகற்றி, மண் படுகையின் மேல் மீண்டும் பாவினோம். ஆடி மாதத்தில் வரப்பிலிருந்து கொண்டுவந்த பொடுதலையை நட்டோம். ஐப்பசி பிறக்கும் முன் இடுக்குகள் மூடிக்கொண்டன. அவ்வாண்டு மழையில் கீழ்த்தெருவில் நீரே வரவில்லை என்று கூற மாட்டேன். சிமிண்டிட்ட பாதியின் நீர் ஓடத்தான் செய்தது. ஆயினும் முன்னாண்டில் அடுப்பு வரை சென்ற நீர் அவ்வாண்டில் வாசற்படியோடு நின்றது. சிமிண்டுத் தளத்தையும் முதலிலேயே இம்முறையில் அமைத்திருந்தால் வாசற்படிக்கும் அது வந்திராது.

எங்கே அமைக்கலாம்? எங்கே கூடாது?

பள்ளி முற்றம், ஊராட்சி அலுவலக முன்றில், நூலக வாசல், பூங்கா நடைபாதை, மரத்தடி மேடை, வீட்டுக் கொல்லை ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். கீழ்க்கண்ட இடங்களில் இதனை அமைக்கலாகாது.

(1) நெற்களம்: தானியம் உலர்த்தவும் தூற்றவும் இடுக்கற்ற தளமே வேண்டும்.

(2) கைப்பம்பு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் மேடை: இங்கே சிறு வெடிப்பும் இருத்தலாகாது. மேடையின் இடுக்கு வழியே அழுக்கு நீர் இறங்கினால் குடிநீரே கெடும். சிமிண்டு மேடையும், சிந்தும் நீரைத் தொலைவில் உள்ள உறிஞ்சு குழிக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலும் அப்படியே இருக்க வேண்டும். பசுந்தரை அவற்றுக்கு அப்பால்தான்.

(3) சக்கர நாற்காலியில் வருவோரும் ஊன்றுகோல் கொண்டு நடக்கும் முதியோரும் செல்லும் வழி: வாயிலிலிருந்து கட்டடம் வரை குறைந்தது நான்கு அடி அகலத்துக்கு இடைவெளியற்ற சமதளப் பாதை விடுதல் கட்டாயம். இரண்டு அங்குல இடுக்கில் சக்கரமும் சிக்கும், கோலும் சிக்கும்.

(4) டிராக்டரும் லாரியும் செல்லும் வழி: மண் படுகையின் மேல் பாவிய கல் அவற்றின் பாரத்தைத் தாங்காது.

(5) பழங்கோயில்களும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களும்: அவற்றின் தளத்தில் நாம் எதையும் நடுதல் தகாது. அங்கே உழவாரமே முறை.

கல் பாவும் முறை

இவ்வேலையின் வெற்றியில் பெரும்பங்கு கல்லுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே கல் பாவும் நாளில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் உடனிருத்தல் நலம்.

முதலில் நிலத்தை ஏழு அங்குல ஆழம் வெட்டி எடுக்க வேண்டும். கட்டட வேலையில் சிந்திய சுண்ணாம்பு, சிமிண்டுக் கட்டி, செங்கல் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி அகற்றுக. கோரைக் கிழங்கு கண்ணில் பட்டால் ஒன்றுவிடாமல் எடுத்துவிடுக. கல் பாவிய பிறகு கோரையை ஒழித்தல் மிகவும் கடினம். பல ஆண்டுகளாக மிதிபட்டு இறுகிய நிலமாயின், அடிமண்ணைக் கடப்பாறையால் ஆங்காங்கே குத்தி நெகிழ்த்த வேண்டும். கரிசல் நிலமாயின் மேலும் ஆறு அங்குலம் வெட்டிச் சரளை பரப்புவது அவசியம். கரிசல் மழையில் பருத்துக் கோடையில் வெடிப்பதால், சரளை இல்லாவிடில் கற்கள் ஒரே ஆண்டில் மேடு பள்ளமாகிவிடும்.

வெட்டிய இடத்தில் சரளை கலந்த செம்மண்ணை நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் அளவாக இடிக்க வேண்டும். சிமிண்டுக் கலவையும் வேண்டாம். களை முளைக்காதிருக்கச் சிலர் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். இரண்டும் நீரைத் தடுக்கும், வேரையும் தடுக்கும். கட்டடச் சுவரிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் சரிவு கொடுப்பது போதும். சுவரின் அடியில் நீர் தேங்க விடலாகாது.

பாவும் கல் மூன்று அங்குலக் கனத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தந்த வட்டாரத்தில் கிடைக்கும் கருங்கல்லே சிறந்தது. மெல்லிய பலகைக்கல் மண் படுகையின் மேல் விரிசல் காணும். கல்லை வைத்ததும் அதன் நான்கு மூலைகளிலும் ஒருவர் ஏறி நின்று பார்க்க வேண்டும். ஆடினால் எடுத்து, மண் கூட்டி, மறுபடியும் வைக்க வேண்டும். ஆடும் கல் தன்னைச் சுற்றியுள்ள வேரையெல்லாம் அறுத்துவிடும்.

இடைவெளி ஒரே சீராக அமைய, இரண்டு அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைக் கற்களுக்கிடையே அளவுகோலாக வைத்துப் பாவுக. ஓர் அங்குலத்துக்குக் குறைந்த இடுக்கில் மண் விரைவில் காய்ந்துவிடும். மூன்று அங்குலத்துக்கு மேற்பட்டால் குழந்தைகளின் பாதம் இடறும். தளத்தின் ஓரங்களில் விளிம்புக்கற்களைச் செங்குத்தாகப் புதைத்தால் கற்கள் நகரா.

‘பேவர் பிளாக்’ என்று வழங்கும் சிமிண்டுக் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கப் பதிக்கப்படுபவை. அவற்றின் மெல்லிய இடுக்கில் செடி வளர்க்க முயல்வது வீண். புல் வளர்ப்பதற்கென்றே துளையிட்ட சிமிண்டுக் கற்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கருங்கல் அரிதான இடங்களில் அவற்றைப் பயன்படுத்தலாம்.

இடுக்கை நிரப்பும் கலவை

செம்மண் அல்லது வண்டல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு கலந்து சலித்துக்கொள்க. ஏரி வண்டலை உரிய அனுமதியுடன் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வண்டலை மட்டும் நிரப்பினால் கோடையில் வெடித்து வேரை அறுக்கும்; மணலை மட்டும் நிரப்பினால் நீர் நில்லாது. மக்காத எருவும் ஆகாது; அதன் சூடு இளம் வேரைக் கெடுக்கும்.

கலவையைச் சிறிது சிறிதாக இட்டு, குச்சியால் குத்தி, நீர் விட்டு அடங்கச் செய்து, மீண்டும் நிரப்ப வேண்டும். மண்ணின் மட்டம் கல்லின் மேல்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே நிற்பது முக்கியம். அப்போதுதான் நடப்பவரின் பாரம் கல்லின் மீது விழும். செடியின் குருத்து நசுங்காது.

கணக்கிட எளிதாக 100 சதுர அடிக்கு வேண்டியவற்றைத் தருகிறேன். ஒன்றரை அடிச் சதுரக் கற்கள் 36. இடுக்குகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 120 அடி. நிரப்பும் கலவை ஏறக்குறைய 4 கன அடி. அரை அடிக்கு ஒன்றாக நட 240 கொடித்துண்டுகள். கற்களையும் கூலியையும் தவிர மற்றவை யாவும் கிராமத்திலேயே கிடைப்பவை.

செடியைத் தேர்தல்

பொடுதலை: திறந்த வெயிலிலும் பகுதி நிழலிலும் வளரும். தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். மிதிப்பைத் தாங்கும், ஓரளவு உவர் மண்ணையும் தாங்கும். பொடுகுக்கு மருந்தாக நம் வீடுகளில் வழங்கி வருவதால் யாவரும் அறிந்த கொடி. பெரும்பாலான முற்றங்களுக்கு இதனையே முதலில் பரிந்துரைப்பேன். ஒரு குறை உண்டு. இதன் சிறு பூக்களைத் தேனீக்கள் நாடி வரும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் பூங்கதிர் கிளம்பியதும் கத்தரித்துவிட வேண்டும். அலுவலகத்துப் பின்புறம் போன்ற நடமாட்டமற்ற இடத்தில் பூக்க விடலாம். அருகில் உள்ள தோட்டங்களுக்குத் தேனீயால் நன்மையே.

அருகம்புல்: நல்ல வெயிலில் மிகவும் உறுதியானது. வறட்சியில் காய்ந்தது போலத் தோன்றினாலும் மழை கண்டதும் துளிர்க்கும். மரநிழலில் வளராது. இதன் வேர்த்தண்டு கல்லுக்கு அடியில் ஓடி அப்புறம் தலைகாட்டும் இயல்புடையது. ஆகையால் விளைநிலத்தையோ காய்கறித் தோட்டத்தையோ ஒட்டிய தளத்தில் இதை நடலாகாது. களையைத் தேடி விலைக்கு வாங்கியது போலாகும்.

வல்லாரை: நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு ஏற்றது. அடிக்கடி மிதிபடும் வழியில் நிலைக்காது. தொட்டியின் ஓரம், மரத்தடி ஆகிய இடங்களில் நடலாம். கழிவுநீர் பாயும் இடத்தில் வளர்ந்த வல்லாரையைக் கீரையாகச் சமைத்து உண்ணலாகாது என்பதை ஊராருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும்.

நிழல் இடுக்குகளில் புளியாரை தானாகவே வந்து சேரும். அதனால் தீங்கில்லை, விட்டுவிடலாம். அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி முதலியவையும் முளைக்கும். அவை சில மாதங்களில் முடிந்துபோகும் பூண்டுகளாகையால் மண்ணைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு அவற்றை நம்புவதற்கில்லை.

நடவுக் காலமும் முறையும்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி இதற்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள மாவட்டங்களில் ஆடியிலும் ஆவணி முற்பகுதியிலும் நட வேண்டும். ஐப்பசிப் பெருமழைக்கு முன் வேர் ஊன்றுவதற்குக் குறைந்தது எட்டு வாரமாவது வேண்டும். ஐப்பசியிலேயே நடுவோம் என்று இருந்தால், வேர் பிடிக்காத துண்டுகளையும் மண்ணையும் மழையே வாரிக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவமழை மிகுதியாகப் பெறும் கன்னியாகுமரி, நீலகிரி போன்ற பகுதிகளில், ஜூன் மாதப் பெருமழை கடந்து மழை தணிந்த நாட்களைத் தேர்ந்துகொள்ளலாம்.

பொடுதலைக் கொடியில் முற்றியதும் அல்லாத, நுனிக் குருத்தும் அல்லாத நடுப்பகுதியை ஐந்து அங்குலத் துண்டுகளாக நறுக்குக. ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். மாலை வேளையில் இடுக்கை நனைத்து, துண்டைக் கிடையாக வைத்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு விரலால் அழுத்துக. அரை அடிக்கு ஒன்று போதுமானது. நெருக்கி நட்டால் ஒன்றுக்கொன்று போட்டியாகும். வெட்டிய துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து அன்றே நட்டுவிட வேண்டும்.

ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்குமாயின், வைகாசி, ஆனி மாதங்களிலேயே நிழலில் ஒரு பாத்தி அமைத்து இத்துண்டுகளை வேர் பிடிக்கச் செய்து வைக்கலாம். வேரோடு நடும் நாற்றுக்கு இழப்புக் குறைவு. குழுவுக்கும் சிறு வருமானம்.

முதல் மூன்று மாதங்கள்

முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சினால் இடுக்கு மண் கரையும். 100 சதுர அடிக்கு ஒரு வேளைக்கு ஒரு குடம் நீர் போதும். நீர் தேவைப்படுவது இடுக்குகளுக்கே அன்றிக் கல்லுக்கு அன்று. மூன்றாம் வாரம் முதல் நாளுக்கு ஒரு வேளையும், ஆறாம் வாரத்துக்குப் பின் ஒரு நாள் விட்டு ஒரு நாளும் ஊற்றலாம். சத்துணவுக் கூடத்தில் அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் இதற்கு நன்றாக உதவும். சோப்பு கலந்த நீர் வேண்டாம்.

கோழி கிளறும், ஆடு கடிக்கும். இரண்டு மாதத்துக்கு முள்வேலியோ வலையோ கட்டாயம் வேண்டும். ஆயினும் மக்கள் நடமாட்டத்தை முற்றிலும் தடுக்க வேண்டியதில்லை. கல்லின் மேல் நடக்கலாம்; இடுக்கை மிதிக்கலாகாது. இதைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு முறை விளக்கிச் சொன்னால், பெரியவர்களுக்கு அவர்களே சொல்லித் தருவார்கள். மழையில் மண் இறங்கிய இடுக்குகளில் கலவையைத் தூவி நிரப்பி வருக. துண்டு பட்டுப்போன இடத்தில் உடனே வேறு துண்டு நட வேண்டும். வெற்றிடம் விட்டால் அங்கே களை குடியேறும்.

களையெடுப்பும் பராமரிப்பும்

முதலாண்டில் மாதம் இருமுறை, மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் வேளையில், கையால் களை எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஆல், அரசு நாற்றுகளைக் கண்ட அன்றே அகற்றுக. குழந்தைகள் புழங்கும் இடமாகையால் களைக்கொல்லி மருந்தை எக்காரணம் கொண்டும் தெளிக்கலாகாது. அது நாம் நட்ட செடியையும் சேர்த்தே கொல்லும். இரண்டாம் ஆண்டில் செடி இடுக்கை முழுதும் மூடிவிட்டால் களை பெரிதும் குறையும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கல்லின் மேல் ஏறிப் படரும் கொடியைக் கத்தரித்தால் போதுமானது. கல்லைக் கொடி மூட விட்டால் மழையில் வழுக்கும்.

பசுந்தரையில் பாம்பு வந்து தங்கும் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமானதே. இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாத செடியில் பாம்பு மறைந்து கிடக்க இயலாது. ஆடும் கல்லின் அடியில் உள்ள பொந்து, தளத்தை ஒட்டிக் குவித்த செங்கல், விறகு ஆகியவையே அதற்குப் புகலிடம். கற்களை ஆடாமல் பாவி, ஓரங்களைத் துப்புரவாக வைத்து, செடியைக் கத்தரித்து வந்தால் கவலை இல்லை. கத்தரிக்க ஆள் வைக்க இயலாத ஊராட்சி இம்முறையை மேற்கொள்ளாதிருப்பதே நன்று என்பதையும் கூறிவிடுகிறேன்.

ஊராட்சி செய்ய வேண்டியது

ஆண்டின் கிராம சபை நாட்களையே இவ்வேலைக்கு நாட்காட்டியாகக் கொள்ளலாம். மே 1ஆம் நாள் கிராம சபையில் இடத்தைத் தேர்ந்து, நீர் எத்திசையில் ஓடுகிறது, எவர் வீட்டை அடைகிறது என்பதை அத்தெருவினரிடமே கேட்டுக் குறித்துக்கொள்க. கோடை முடிவதற்குள் கற்களைப் பாவி இடுக்குகளை நிரப்பி வைக்க வேண்டும். ஆகஸ்டு 15ஆம் நாள் சபை கூடும்போது நடவு முடிந்திருக்க வேண்டும். அக்டோபர் 2ஆம் நாள் உறுப்பினர்கள் நேரில் சென்று, இடுக்குகள் மூடியுள்ளனவா என்று பார்வையிட வேண்டும். நவம்பர் 1ஆம் நாள் சபையில், பெய்த மழை எங்கே போயிற்று என்று அதே தெருவினரைக் கேட்கலாம். மதிப்பீட்டின் சரியான தணிக்கை அதுவே.

நிதியை மார்ச்சு மாதத்துக்குள் செலவிட வேண்டிய நிலை நேருமாயின், கல் பாவும் வேலையோடு நிறுத்திக்கொள்க. நடவை ஆடிக்கு விட்டுவிடுக. நீர் ஊற்றுதல், களையெடுத்தல், கத்தரித்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர் யார் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். தூய்மைக் காவலரிடம் அவருடைய அன்றாட வேலைக்கு மேல் இதையும் சுமத்திவிடாமல், அதற்கென நேரமும் ஊதியமும் ஒதுக்குதல் முறையாகும்.

முதலாண்டில் பெரிய முற்றம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 100 அல்லது 200 சதுர அடியில் தொடங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கண்ட பின் விரிவாக்குக. அடியில் மண், இடுக்கில் வேர், ஆடியில் நடவு, மூன்று மாதக் கவனிப்பு ஆகிய இந்நான்கும் கூடினால் இம்முயற்சி தவறாது. ஒரு பொது இடத்துக்கு நாம் தளம் இடும்போது அதன் மேல் விழும் மழைக்கும் நாமே பொறுப்பாளர் ஆகிறோம். அந்நீரை அண்டை வீட்டு அடுப்புக்கு அனுப்பாமல் நம் நிலத்துக்குள்ளேயே இறக்குவது ஊராட்சியின் கடமை. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நம் வயல் வரப்பில் அதற்கான கொடி படர்ந்து கிடக்கிறது.